என் முகத்தைக் காட்டி நீ விற்ற பூசணம்

செந்தில்,

போன வாரம் சேலத்தில் நடந்த உன் கல்யாணத்துக்கு உன் அம்மா வந்தாள், நான் வரவில்லை. மண்டபத்தில் கேட்டவர்களிடமெல்லாம் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று சொன்னாயாம். எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. நீ தாலி கட்டிய நேரத்தில் நான் கொல்லையில் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தேன். பத்திரிகையில் என் பெயரைப் போட்டிருந்தாய், அது தபாலில் வந்தது. பெற்றவனுக்குத் தபாலில் பத்திரிகை அனுப்பும் பிள்ளையும், பிள்ளை கல்யாணத்துக்குப் போகாத தகப்பனும் இத்தனை வருஷம் ஒரே அடுப்பில் சாப்பிட்டவர்கள் என்று சொன்னால் உன் மாமனார் வீட்டார் நம்புவார்களா தெரியவில்லை. அவர்களுக்கும் உன் மனைவிக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். மூடிய உறையில் போடாமல் ஊரறிய எழுதுவதற்குக் காரணம் வேறு. உன் கம்பெனி என் முகத்தைக் கடைக்குக் கடை மாட்டி வைத்திருக்கிறது. அதைப் பார்த்துப் பொட்டலம் வாங்குகிறவர்களுக்கு, முகத்துக்குச் சொந்தக்காரன் என்ன சொல்கிறான் என்பதும் தெரியட்டும்.

உன் மனைவிக்குப் புரிய வேண்டுமென்றால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் எங்களுடையது செம்மண் பூமி. சுற்றிலும் கரும்பும் மரவள்ளியும் மக்காச்சோளமும் இருக்க, நாங்கள் நாலைந்து குடும்பம் மட்டும் விடாமல் சின்ன வெங்காயம் போடுவோம். அதற்கு எமன் அடி அழுகல். தாள் நுனியிலிருந்து மஞ்சள் விழும். பிடித்து இழுத்தால் வேர் மண்ணிலேயே நின்றுபோய்க் காய் மட்டும் மொழுக்கென்று கையோடு வரும். அடியில் வெள்ளையாகப் பஞ்சு பூத்திருக்கும், நாற்றம் அடுத்த கொல்லை வரைக்கும் வீசும். வருஷா வருஷம் மருந்து கலக்கி வேரில் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு வருஷம் ஊற்றிய அளவு மறு வருஷம் போதாது. நீ விவசாயக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாய். லீவுக்கு வந்தவன் ஒரு நாள் கொல்லையில் நல்ல செடி ஒன்றைப் பிடுங்கி, வேரை உதறி, என் முகத்துக்கு நேரே நீட்டினாய்.

"இன்னாப்பா இது? இதுக்குப் பேரு வேரா?"

"வெங்காய வேர் அப்டித்தான்டா இருக்கும்."

"அதாம்பா நானும் சொல்றேன். குட்டை வேரு, கெளை கெடையாது. கைக்கு எட்டற சத்தைத்தான் திங்கும். மண்ணுல ஒரு பூசணம் இருக்குதுப்பா, நல்ல பூசணம். அது வேருக்குள்ள பூந்துகினு, வெளிய மயிரவிடச் சன்னமா நூல் வுடும். வேர் போவாத எடத்துக்கெல்லாம் அது போயி சத்தும் தண்ணியும் இஸ்துகினு வந்து குடுக்கும். பதிலுக்கு வெங்காயம் அதுக்குச் சக்கரை குடுக்கும்."

தண்ணீர்க் குடத்தோடு வந்த உன் அம்மா சிரித்தாள். "ஊறுகாய்ல பூசணம் வந்தா தூக்கிக் கொட்டறோம். இவன் அத கொல்லையில கொண்டாந்து வுடணும்ங்கறான்."

அப்படி ஒன்று இருந்தால் நம் கொல்லையில் ஏன் இல்லை என்று கேட்டேன். "நீ ஊத்தற மருந்துல எதுப்பா உசுரோட இருக்கும்? டிஏபி உரம் வேற ஜாஸ்தி கொட்டற. ஒக்காந்த எடத்துல சோறு வந்தா எவன் வேலைக்குப் போவான்? வெங்காயம் பூசணத்த உள்ளயே சேத்துக்காது" என்றாய். என்னை எதிர்த்துப் பேசினால் எனக்குப் பிடிக்காது. அன்றைக்குப் பிடித்திருந்தது. வீட்டில் படித்தவன் ஒருத்தன் இருக்கிறான் என்று அன்றுதான் முதல்முதலாகத் தோன்றியது.

அந்த லீவிலேயே நாம் இரண்டு பேரும் கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குப் போனோம். வெள்ளிமலை தாண்டி, சாமைக் கொல்லையின் ஓரத்தில், உரமே காணாத மண்ணைக் கேட்டு வாங்கினோம். புல்லும் வேருமாக வெட்டி சாக்கில் கட்டினாய். இறங்கும்போது கண்டக்டர் சாக்கை எட்டி உதைத்துப் பார்த்து, "இன்னாங்க பெரியவரே இது?" என்றான். மண் என்றேன். "மலையவே எறக்கினு போறீங்களா?" என்று பஸ் முழுக்கச் சிரித்தது. வளைவு வளைவாக இறங்கும் பஸ்ஸில் சாக்கு உருண்டுவிடக் கூடாது என்று நீ அதை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாய். வெள்ளைச் சட்டை செம்பழுப்பாகிவிட்டது. அதைப் பற்றிக் கவலைப்படாமல் ஜன்னல் வழியாகப் பார்த்தபடி பேசிக்கொண்டே வந்தாய், என்ன பேசினாய் என்பதில் பாதி எனக்குப் புரியவில்லை. வெயிலில் சாக்கு சுடக்கூடாது என்று கைக்குட்டையை நனைத்து அதன்மேல் போட்டாய். உயிருள்ள பண்டம் சூடு பட்டால் செத்துவிடும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதான். இதை உன் மனைவி மனதில் வைத்துக்கொள்ளட்டும், பின்னால் வரப்போவதைப் புரிந்துகொள்ள இது வேண்டும்.

மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டினோம். பிளாஸ்டிக் தாள் விரித்து, மணலும் மண்ணும் கலந்து, அதில் மலை மண்ணைப் போட்டு மக்காச்சோளம் விதைத்தோம். பயிர் முற்றியதும் தண்ணீரை நிறுத்திக் காயவிட்டு, தலையை அறுத்துப் போட்டுவிட்டு, வேரை மட்டும் பொடிப்பொடியாக வெட்டி அந்த மண்ணோடேயே கலந்தோம். அதுதான் பூசண மண். விதை வெங்காயத்தை விரிடிப் பொடி கரைத்த தண்ணீரில் நனைத்து, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிட்டிகை பூசண மண் வைத்து ஊன்றினோம். விரிடியும் ஒரு பூசணம்தான், அழுகலை உண்டாக்கும் பூசணத்தை அது தின்றுவிடும் என்றாய். உன் அம்மா அன்றைக்கு, "நல்ல பூசணம், கெட்ட பூசணம், அத திங்கற பூசணம். ஊர்ல மனுசங்கள வகை பிரிக்கறதே கஷ்டமா இருக்குது" என்றாள்.

ஊடு பயிராகக் காராமணி போடச் சொன்னதும் நீதான். அதில் முதல் வருஷம் ஏமாந்தோம். கொடி ஓடும் ரகத்தைப் போட்டுவிட்டோம். அது வெங்காயத்தின் மேலேறிப் படர்ந்து நிழல் கட்டிவிட்டது, வெங்காயம் பூண்டுப் பல் அளவுக்கு நின்றது. உன் அம்மா கொடியை அறுத்து மாட்டுக்குப் போட்டுவிட்டு உன்னை ஒரு வாரம் திட்டினாள். அடுத்த வருஷம் கொடி ஓடாத குத்துக் காராமணி தேடிப் பிடித்து, நாலு வரிசை வெங்காயத்துக்கு ஒரு வரிசை என்று தள்ளிப் போட்டோம். காராமணி வேரில் முண்டு முண்டாக இருப்பதைக் காட்டி, காற்றில் இருக்கும் தழைச்சத்தை அது பிடித்து வைக்கிறது என்றாய். "வெங்காயம் புடுங்கனப்பறமும் காராமணி நிக்கும்பா. அடுத்த வெங்காயம் வர்ற வரைக்கும் பூசணத்துக்குக் குடியிருக்க ஒரு வூடு வேணும்ல?" என்றாய். பூசணத்துக்கு வீடு வேண்டும் என்று அவ்வளவு கவலைப்பட்டவன் நீ. கல்லூரிக்கு என்னை அழைத்துப் போய், நம் வெங்காய வேரை நீலச் சாயத்தில் வேகவைத்து, கருவியில் என் கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னாய். வேருக்குள்ளே நீலமாகக் கொடி கொடியாக ஓடியது. பக்கத்தில் நின்ற உன் வாத்தியாரிடம், "எங்க கொல்லைங்க" என்று மட்டும் சொன்னேன்.

மூன்றாவது வருஷம் ஐப்பசியில் அடை மழை பிடித்தது. எல்லோர் வெங்காயமும் அழுகியது, நம்முடையது நின்றது. ஓரத்தில் கொஞ்சம் போனது, அவ்வளவுதான். ஊர் வந்து பார்த்தது. முதலில் வந்தவன் முருகேசன். நம் கொல்லைக்கு மேற்கே குத்தகை நிலத்தில் பாடுபட்டவன். சொந்தமாக ஒரு அடி மண் கிடையாது. அவனும் அவன் பெண்டாட்டி காசியம்மாவும் ஆள் வைக்காமல் அவர்களே நட்டு, அவர்களே களை பிடுங்கி, அவர்களே அறுப்பார்கள். அவன் நம் பாத்தியில் குந்தி ஒரு செடியைப் பிடுங்கி, வேரோடு உருண்டையாக ஒட்டிக்கொண்டு வந்த மண்ணை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். "அடுத்த வருசம் எனக்கும் போட்டுக் குடு தம்பி" என்று உன்னிடம்தான் கேட்டான்.

அடுத்த வருஷத்துக்குள் உனக்கு வேலை கிடைத்துவிட்டது. பூசணத்தையும் விரிடியையும் பொட்டலம் கட்டி விற்கும் கம்பெனி. எனக்குச் சந்தோஷம்தான். மருந்து விற்கப் போகாமல் இதை விற்கப் போகிறானே என்று நினைத்தேன். நம் கொல்லையிலேயே வயல் விழா வைத்தீர்கள். பந்தல், நாற்காலி, மைக், கேசரி. வெங்காயக் கொத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்கச் சொல்லி என்னைப் போட்டோ எடுத்தீர்கள். எதிலோ கையெழுத்துப் போடச் சொன்னாய், பிள்ளை சொன்னான் என்று போட்டேன். மைக்கைக் கையில் கொடுத்ததும் நான் உளறிக் கொட்டினேன், ஆனாலும் கைதட்டினார்கள். பிறகு முருகேசன் எழுந்தான். "அண்ணே, நீங்க போட்டது குழி மண்ணு. இவங்க குடுக்கறது பாக்கெட்டு. ரெண்டும் ஒன்னுதானா?" என்று என்னைத்தான் கேட்டான். நான் உன்னைப் பார்த்தேன். மைக்கிலேயே கேட்டேன், ஊர் கேட்கக் கேட்டேன்: "இவன் கேக்கறான் பாருடா. ரெண்டும் ஒன்னுதானா?"

"ஒன்னுதாம்பா. இது இன்னும் சுத்தம்" என்றாய். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

மருந்து ஊற்றக் கூடாது, டிஏபியைப் பாதியாகக் குறைக்க வேண்டும், பொட்டலம் மட்டும் போதும் என்று சொல்லிக்கொடுத்தாய். எல்லோரும் அப்படியே செய்தார்கள். நான் மட்டும் வழக்கம்போலக் குழி மண்ணைப் போட்டேன். வீட்டில் இருப்பதை வைத்துக்கொண்டு ஏன் வாங்குவது என்றுதான், வேறு ஒரு நினைப்பும் இல்லை. ஐப்பசியில் மழை வந்தது. முதலில் முருகேசன் கொல்லையில் ஒரு மூலை மஞ்சளானது. பிறகு எல்லோர் கொல்லையும். காலையில் பச்சையாக இருக்கும் பாத்தி மறுநாள் சாய்ந்து கிடக்கும். காசியம்மா செடி செடியாகப் பிடுங்கிக் கூடையில் போட்டு வரப்பில் கொட்டிக்கொண்டே இருந்தாள். அந்த நாற்றம் நம் வீட்டுக்குள் வந்து சோற்றில் ஒட்டிக்கொண்டது. நம் கொல்லை மட்டும் பச்சையாக நின்றது. அது நின்றதுதான் எனக்கு வினையாகப் போயிற்று. டீக்கடையில் ஒருத்தன் என் காதுபடவே சொன்னான்: "நல்ல சரக்க தனக்கு வெச்சிகினு, குப்பைய நம்ம தலையில கட்டிட்டாரு. புள்ளைக்கு வேலை வேணும்ல." டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். அதற்குப் பிறகு அந்தக் கடைக்குப் போகவில்லை.

ஊரார் கம்பெனிக்குப் போன் மேல் போன் போட்டார்கள். கடைசியில் நீயும் மேனேஜரும் காரில் வந்தீர்கள். பால் சொசைட்டி வாசலில் கூட்டம் கூடியிருந்தது. அதற்கு முன் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று என்னை மட்டும் நம் கொல்லைக்கு அழைத்துப் போனாய். நம் காராமணி வரிசைக்கு நடுவில் நின்று நீ சொன்னது ஒவ்வொன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

"கோடவுன் சின்னசேலத்துல தகரக் கொட்டாப்பா. சரக்கு சித்திரைலேர்ந்து அங்கியே கெடந்துச்சு. அந்தச் சூட்டுல ஒன்னும் தாங்காது. விரிடி, பூசணம் எல்லாம் செத்துப்போச்சு. வெறும் பொடிதான் உள்ள இருந்துச்சு."

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

செருப்பு நுனியால் மண்ணைத் தள்ளிக்கொண்டு நின்றாய். "ஏத்தும்போதே தெரியும்."

"அப்ப விழாவுல முருகேசன் கேட்டப்ப?"

"தெரியும்பா. டார்கெட்டு இருந்துச்சு. நான் ஒருத்தன் வேணாம்னா நிறுத்திடுவாங்களா? மழை வராம இருந்தா ஒன்னும் ஆயிருக்காது."

நான் வாயைத் திறந்திருந்தால் உன்னை அடித்திருப்பேன். நீ என் கையைப் பிடித்தாய். "ஒன்னே ஒன்னு பண்ணுப்பா. முருகேசன் மருந்து ஊத்தனத நீ பாத்தன்னு மேனேஜர் கேக்கும்போது சொல்லிடு. மருந்து ஊத்துனா பூசணம் செத்துடும்னு எல்லாருக்கும் தெரியும், அதோட பேச்சு முடிஞ்சிடும். அவன் நெலம் குத்தகைதான, அவனுக்கு இன்னா போவுது? எனக்கு வேலையே போயிடும்."

செத்த பொட்டலத்தை விற்றதைக்கூட நான் ஒருநாள் பொறுத்துக்கொண்டிருப்பேன், செந்தில். புது வேலை, பயம், மேலே ஒருத்தன் கழுத்தில் கை வைத்துக்கொண்டிருந்தான் என்று எனக்கு நானே சொல்லியிருப்பேன். ஆனால் அழுகிய கொல்லைக்குப் பத்தடி தள்ளி நின்றுகொண்டு, அவனுக்கு இன்னா போவுது என்று கேட்டாயே. வரப்பில் மலை மாதிரி குவிந்து கிடந்தது அவன் போட்ட வெங்காயம். அது உன் கண்ணுக்கு நேரே கிடந்தது. நான் உன் கையை விலக்கிவிட்டு முன்னால் நடந்தேன்.

சொசைட்டி வாசலில் மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். "எங்க புராடக்ட்ல குறை கிடையாதுங்க. யாராவது மருந்து ஊத்தியிருந்தா எதுவும் செய்ய முடியாது. ஐயா முன்னோடி விவசாயி, பக்கத்துக் கொல்லைக்காரர். ஐயாவே சொல்லட்டும்" என்று என்னைக் காட்டினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முருகேசன் கேட்டுக்குப் பக்கத்தில் பால் கேனைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தான். பால் ஊற்ற வந்த உன் அம்மாவும் இருந்தாள்.

"முருகேசன் ஒரு சொட்டு மருந்து ஊத்தல. யாரும் ஊத்தல. பாக்கெட்டு கோடவுன்லியே செத்துப்போச்சு. அது எம்புள்ளைக்குத் தெரியும்" என்றேன்.

மேனேஜர் உன் பக்கம் திரும்பினார். நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அப்பாவுக்கு வயசாயிடுச்சு சார். ஞாபகம் தப்பிடுது. எத எதயோ பேசறாரு" என்றாய். என் தோளில் கை போட்டு, பாசமாகச் சிரித்துக்கொண்டு சொன்னாய். உன் கை என் தோளில் இருந்த அந்த நேரத்தை இப்போது நினைத்தாலும் அந்த இடம் கூசுகிறது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பாதிப் பேர் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தார்கள். மீதிப் பேர் அப்பனும் பிள்ளையும் சேர்ந்து நாடகம் ஆடுகிறோம் என்று நினைத்தார்கள். உன் அம்மா பால் கேனைத் தூக்கிக்கொண்டு உன்னைத் தாண்டிப் போனாள், முகத்தைத் திருப்பவில்லை. நீங்கள் காரில் ஏறிப் போனீர்கள். யாருக்கும் நஷ்டஈடு எதுவும் கிடைக்கவில்லை. உனக்கு வேலை போகவில்லை, அடுத்த சித்திரையில் சேலத்துக்குப் பெரிய வேலையாகப் போட்டார்கள்.

முருகேசன் நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டான். பஸ்ஸுக்கு நிற்கும்போது நான் அந்தப் பக்கம் போனேன். பேசலாம் என்று கிட்டே போனேன். என்னைப் பார்த்ததும் பையைத் தூக்கிக்கொண்டு நிழற்குடைக்குப் பின்னால் போய் வெயிலில் நின்றான். ஊரிலேயே தங்கிவிட்ட காசியம்மா மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டும் கூட்டத்தோடு போகிறாள். வெங்காயம் நட்ட கையில் இப்போது அரிவாள் காய்ப்பு. இதையெல்லாம் நீ கேட்டதில்லை, நான் சொன்னதும் இல்லை. போனில் எப்போதாவது அம்மாவிடம் பேசினாய். எங்கே எப்படி இருக்கிறாய் என்று அவள் மூலமாகத் தெரிந்துகொண்டேன்.

இந்த வருஷம் ஆடியில் உன் தாய்மாமன் வந்து, சின்னசேலத்தில் ஒரு உரக்கடையில் என் படத்தைப் பார்த்ததாகச் சொன்னார். நம்பாமல் பஸ் ஏறிப் போனேன். உண்மைதான். கதவு உயரத்துக்கு நான், வெங்காயக் கொத்தோடு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன். கீழே பொட்டலங்கள் அடுக்கியிருந்தன, வெயில் நேராக அவற்றின்மேல் விழுந்துகொண்டிருந்தது. கடைக்காரன் என்னைக் கூப்பிட்டான். "வாங்கிப் போங்க பெரியவரே. இதப் போட்டு இந்த ஆளு எப்டி எடுத்துருக்காரு பாருங்க."

"அது நான்தாங்க" என்றேன்.

அவன் படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "தமாஷ் பண்ணாதீங்க. வேணும்னா வாங்குங்க, வேணாம்னா வழிய வுடுங்க" என்றான்.

அங்கிருந்தே உனக்குப் போன் போட்டேன். கூட்டத்துக்குப் பிறகு நான் உன்னிடம் பேசியது அந்த ஒரு முறைதான். படத்தை எடுக்கச் சொன்னேன். "அது கம்பெனி போட்டோப்பா, நான் ஒன்னும் பண்ண முடியாது. நீதான கையெழுத்துப் போட்டுக் குடுத்த?" என்றாய். அதற்கு அடுத்த மாதம்தான் பத்திரிகை வந்தது.

உன் மனைவி நல்ல பெண் என்று அம்மா சொன்னாள். அதனால்தான் உனக்குச் சிலது சொல்லத் தோன்றுகிறது, கேட்பதும் கேட்காததும் உன் இஷ்டம். என்றைக்காவது நீ மாட்டிக்கொண்டால், உனக்காகப் பொய் சொல் என்று அவளைக் கேட்காதே. உன்மேல் ஆசையுள்ளவள் சொல்லிவிடுவாள். சொன்ன பிறகு உன்னை அவள் பார்க்கும் பார்வை வேறாக இருக்கும், எதனால் மாறியது என்று உனக்குக் கடைசிவரை தெரியாது. அவள் உண்மையைச் சொல்லிவிட்டால், அவளுக்குப் புத்தி சரியில்லை என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிடாதே. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இப்போதெல்லாம் சாவியை எங்கே வைத்தேன் என்று மறந்தால்கூட உன் அம்மாவிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. நிஜமாகவே மறதி வந்துவிட்டதோ என்று எனக்கே சந்தேகம் வருகிறது. உனக்குப் பிள்ளை பிறந்தால் அவனிடம் சீக்கிரம் பெருமைப்படாதே. நான் பெருமையில் உன்னிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் இருந்துவிட்டேன். நீ சொன்னதெல்லாம் சரியாக இருந்ததால், நீயும் சரியாக இருப்பாய் என்று நினைத்துவிட்டேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நீ சொல்லிக்கொடுத்த விவசாயத்தை நான் விடவில்லை. இந்த வருஷமும் நாலு வரிசைக்கு ஒரு வரிசை காராமணி நிற்கிறது. உன்மேல் இருக்கும் கோபத்தில் அதை நிறுத்திவிட்டு மறுபடியும் மருந்து ஊற்றலாம் என்று ஒரு முறை கேனைத் தூக்கிக்கொண்டு போனேன். மண்ணுக்குள் இருப்பது என்ன பாவம் செய்தது என்று திரும்பி வந்துவிட்டேன்.

நேற்று முன்தினம் காசியம்மா வந்தாள். விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்கு அவள் அண்ணன் கொஞ்சம் நிலம் பிடித்துக் கொடுத்திருக்கிறானாம். கரும்பு வெட்டிவிட்டு நேராக வந்திருந்தாள், உடம்பெல்லாம் கரும்புச் சோகை கிழித்த கீறல். உன் அம்மா கொடுத்த தண்ணீரை நின்றபடியே குடித்தாள்.

"மாமா, வெங்காயம் போடலாம்னு இருக்கேன். அந்தக் குழி மண்ணு ரெண்டு கூடை குடுக்கறீங்களா?"

"இன்னும் அத நம்பறியாம்மா?"

"ஒங்க கொல்லைய தெனம் பாத்துகினுதான போறேன்? மண்ணு இன்னா பண்ணுச்சு?" என்றாள். கூடையைக் கீழே வைத்துவிட்டு, "ஆனா ஒன்னு. ஒங்க புள்ள பேர மட்டும் எங்கிட்ட எடுக்காதீங்க" என்றாள்.

நான் குழியைத் தோண்டி, வேரை வெட்டிக் கலந்து, இரண்டு கூடை நிறைய வாரினேன். எவ்வளவு வைக்க வேண்டும் என்று கேட்டாள். விதைக்கு அடியில் ஒரு சிட்டிகை, நாலு வரிசைக்கு ஒரு வரிசை குத்துக் காராமணி, டிஏபி ஜாஸ்தி வேண்டாம், கொண்டுபோகும்போது வெயில் படாமல் ஈரச்சாக்கு மூடு என்று ஒன்று விடாமல் சொன்னேன். ஒவ்வொன்றையும் அவள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். ஒரு கூடையை அவள் தலையில் தூக்கி வைத்தேன், இன்னொன்றை உன் அம்மா எடுத்துக்கொண்டு கூடவே போனாள். இதையெல்லாம் உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று காசியம்மா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.